சொந்த செல்லில் வளர்த்த காது: மகனுக்காகக் காத்திருக்கலாமா, விலாக் குருத்தெலும்பிலேயே செய்துவிடலாமா?

மழைக்குருவி_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. பிறக்கும்போதே வலது காது உருவாகவில்லை. மைக்ரோஷியா, மூன்றாம் நிலை என்றார்கள். காது இருக்க வேண்டிய இடத்தில் வேர்க்கடலை மாதிரி ஒரு மடிப்பு, அதற்குக் கீழே கொஞ்சம் மடல், துளை இல்லை. இடது காது நன்றாகக் கேட்கிறது, பெரா என்ற கேட்கும் திறன் டெஸ்ட் எடுத்தாயிற்று. பேச்சுக்குக் குறைவே இல்லை, வாய் மூடமாட்டான்.

பிளாஸ்டிக் சர்ஜன் ஒன்பது பத்து வயதில் விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்துக் காது செதுக்கி வைக்கலாம், இரண்டு கட்டமாகச் செய்யவேண்டும் என்கிறார். நெஞ்சில் கத்தி வைப்பார்கள் என்றதும் என் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். இதற்கு நடுவில் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு அவளுடைய செல்லை வைத்தே காதை அச்சடித்துப் பொருத்திவிட்டார்களாம், சீனாவில் குழந்தைகளுக்கே செய்தாயிற்றாம். நமக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறதே, அதற்குள் இங்கே வந்துவிடாதா?

அப்புறம் ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி ஆறு தவணை போட்டால் காது தானாக வளரும் என்று சொல்லி பேக்கேஜ் தொகையும் எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்குக்காரன்

ஊசி போட்டால் காது முளைக்குமாம்! முதலில் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள் சார்.

சட்டகமும்_செல்லும்

திசுப் பொறியியலில் முனைவர் பட்டம் செய்துவிட்டு இப்போது ஒரு ஆய்வகத்தில் குருத்தெலும்பு வளர்த்துக்கொண்டிருப்பவன் நான். டாக்டர் இல்லை, அதனால் மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீடியோவில் இருக்கும் இரண்டு விஷயமும் நடந்தவைதான், ஆனால் இரண்டும் வேறு வேறு.

முதலில் பழைய கதை. முதுகில் மனிதக் காதோடு ஒரு எலியின் படம் பார்த்திருப்பீர்கள், 1997. மரபணுவை மாற்றிக் காது முளைக்க வைத்தார்கள் என்று அந்தப் படம் சுற்றியது, அது தவறு. மூன்று வயதுக் குழந்தையின் காது வடிவத்தில், உடலில் கரைந்துபோகும் பாலிமரில் ஒரு சட்டகம் செய்து, அதில் மாட்டின் குருத்தெலும்புச் செல்களைத் தூவி, எதிர்ப்புச் சக்தி இல்லாத எலியின் தோலுக்கு அடியில் வைத்தார்கள். அவ்வளவுதான். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சாவ் யீலின், அப்போது அமெரிக்காவில் வக்காந்தி ஆய்வகத்தில் இருந்தார். சீனாவில் ஐந்து குழந்தைகளுக்குச் செய்து 2018இல் வெளியிட்ட குழுவிலும் அவர் இருக்கிறார். எலியிலிருந்து குழந்தைக்கு வர 21 வருடம். உங்கள் நான்கு வருடக் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள்.

அந்த ஐந்து பேரும் ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள். நல்ல காதை சி.டி. எடுத்து, கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, அச்சில் சட்டகம் செய்தார்கள். செல் எடுத்தது எங்கிருந்து தெரியுமா? குறைபாடுள்ள காதில் மிச்சம் இருந்த அந்தச் சின்னக் குருத்தெலும்பிலிருந்து. அதைப் பெருக்கி, சட்டகத்தில் ஏற்றி, 12 வாரம் வெளியே வளர்த்து அப்புறம் வைத்தார்கள். ஐந்தில் நான்கு பேருக்குக் குருத்தெலும்பு உருவானது தெளிவாகத் தெரிந்தது. கட்டுரை வந்தபோது மிக நீண்ட கண்காணிப்பே இரண்டரை வருடம்தான். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டு வயதில் வைத்த காது 18 வயதில் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டரை வருடத்தில் பதில் கிடைக்காது.

அமெரிக்கச் செய்தி 2022. 3டிபயோ என்ற நிறுவனம், சான் அன்டோனியோவில் அறுவை. நோயாளிக்கு 20 வயது, குழந்தை இல்லை. 11 பேருக்கான முதல்கட்ட ஆய்வில் அவர் ஒருவர். ஆய்விதழில் முடிவு வருவதற்கு முன்பே நிறுவனம் செய்தியாளர்களிடம் அறிவித்துவிட்டது. தொழில்நுட்ப விவரம் கேட்டபோது தொழில் ரகசியம் என்றார்கள். வீடியோவில் இந்தப் பகுதி வந்திருக்காது.

மழைக்குருவி_அப்பா

நன்றி சார். ஆய்வகத்தில் வளர்க்க முடிகிறது என்றால் பிறகு எங்கேதான் சிக்கல்? காசா?

சட்டகமும்_செல்லும்

காசும்தான். ஆனால் அதற்கு முன்னால் இருக்கிற சிக்கல்களைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காதுக்குக் கோடிக்கணக்கில் செல் வேண்டும். மிச்சக் குருத்தெலும்பிலிருந்து கிடைப்பது கொஞ்சம். தட்டில் போட்டுப் பெருக்க வேண்டும், பெருக்கப் பெருக்க அவை தாங்கள் குருத்தெலும்புச் செல் என்பதையே விட்டுவிடுகின்றன. உருண்டையாக இருந்தவை நீண்டு, தட்டையாகி, குருத்தெலும்புக்கு உரிய வகை 2 கொலாஜன் புரதம் சுரப்பதை நிறுத்திவிட்டு வகை 1 சுரக்கத் தொடங்கும். அதாவது தழும்புத் திசுவின் பக்கம் சாய்கின்றன. நுண்ணோக்கியில் ஒரு திங்கட்கிழமை அழகாகக் கூழாங்கல் அடுக்கியதுபோல் தெரிந்த தட்டு அடுத்த வாரம் முழுக்கக் கதிர்க் கதிராக நிற்கும், அதைக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. திரும்பக் கொண்டுவர வளர்ச்சிக் காரணிகள் உண்டு, முப்பரிமாணச் சூழலில் வளர்க்கும் முறை உண்டு, ஆனால் ஒவ்வொரு குழந்தையின் செல்லும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

அடுத்தது தோலின் இழுவிசை. காதின் மேல் தோல் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் வளைவுகள் தெரியும், அதே இறுக்கம் மெல்லிய சட்டகத்தை நசுக்கும். வெறும் பாலிகிளைக்காலிக் அமிலச் சட்டகம் சில மாதத்தில் கரைந்துவிடும், அதற்குள் குருத்தெலும்பு பலம் பெறாவிட்டால் வடிவம் சுருங்கிவிடும். அதனால்தான் சீனக் குழு உள்ளே பாலிகேப்ரோலாக்டோனில் ஒரு உள்தாங்கி வைத்தது. அது கரைய வருடக்கணக்காகும். கரைந்த பிறகு காது சொந்தக் காலில் நிற்குமா என்பதுதான் உண்மையான தேர்வு.

இத்தனைக்கும் குருத்தெலும்புதான் இந்தத் துறையிலேயே சுலபமான பாடம். அதற்கு ரத்தக்குழாய் வேண்டாம், சுற்றியிருக்கும் திரவத்திலிருந்தே ஊட்டம் எடுத்துக்கொள்ளும். மற்ற திசுக்களில் ரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தள்ளிப் போனாலே செல் பட்டினி கிடந்து செத்துவிடும்.

வைகைக்கரை

இந்தத் துறை முழுக்க ஃபிராடு. ஸ்வீடன் டாக்டர் கதை தெரியாதா? பிளாஸ்டிக் மூச்சுக்குழாய் வைத்து வரிசையாகக் கொன்றார். ஆவணப்படமே வந்தது.

சட்டகமும்_செல்லும்

மக்கியாரினியைச் சொல்கிறீர்கள். அவர் செய்தது குற்றம்தான், அதில் வாதமே இல்லை. 2011இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் செயற்கைக் குழாயில் எலும்பு மஜ்ஜைச் செல் ஏற்றி வைத்தார். விலங்கில் ஒழுங்காகச் சோதிக்காமலே மனிதருக்கு வைத்தது அது. அங்கே வைத்துக்கொண்ட மூவரும் இறந்தார்கள். 2013இல் அமெரிக்காவின் பியோரியாவில் மூச்சுக்குழாயே இல்லாமல் பிறந்த இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கும் வைத்தார், மூன்று மாதத்துக்குள் அந்தக் குழந்தையும் போய்விட்டது. லான்செட் மருத்துவ இதழில் வந்த அவருடைய கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டரை வருடச் சிறை கொடுத்தது.

ஆனால் "முழுக்க" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 2015இல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரத்தில் ஒரு ஏழு வயதுச் சிறுவன், எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற பிறவித் தோல் நோய், தொட்டால் தோல் உரிந்து வரும். சிரியாவிலிருந்து வந்த அகதிக் குடும்பம். கிருமி தொற்றி, பெரும்பகுதித் தோல் போய், பிழைக்கமாட்டான் என்று இருந்த நிலை. இத்தாலியின் மிக்கேலே தெ லூக்கா குழு அவனிடம் மிஞ்சியிருந்த நல்ல தோலில் ஒரு துண்டு எடுத்து, பழுதான மரபணுவுக்குச் சரியான பிரதியைச் செல்களில் ஏற்றி, தாள் தாளாகத் தோல் வளர்த்து அனுப்பியது. உடலில் சுமார் 80 விழுக்காடு மூடினார்கள். 2017இல் நேச்சர் ஆய்விதழில் வந்தது, பையன் பள்ளிக்குப் போனான், பந்து விளையாடினான். அங்கே என்ன வித்தியாசம் என்றால், தோல் வளர்த்து ஒட்டுவதில் தீக்காயச் சிகிச்சையில் கிடைத்த பல பத்தாண்டு அனுபவம் பின்னால் இருந்தது. மூச்சுக்குழாய்க்கு அப்படி எதுவும் இல்லை.

கருவிழி_அம்மா

காதைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் இந்தக் காத்திருப்பைப் பற்றித் தெரியும் என்பதால் எழுதுகிறேன். என் மகளுக்கு ஸ்பைனா பிஃபிடா. முதுகுத்தண்டு மூடாமல் பிறந்தவள், பிறந்த மறுநாளே முதுகை மூடினார்கள், ஆனால் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பு வேலை செய்யவில்லை. பை சின்னதாக, விறைப்பாக இருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் சிறுநீர் மேலே திரும்பிச் சிறுநீரகத்தையே கெடுக்கும். நாளுக்கு ஐந்தாறு தடவை குழாய் விட்டு எடுக்கிறோம், மாத்திரை கொடுக்கிறோம்.

அவள் சின்னவளாக இருந்தபோது 2006 லான்செட் கட்டுரையை யாரோ அனுப்பினார்கள். பாஸ்டனில் அந்தோனி அட்டாலா குழு, இவளைப் போன்ற ஏழு பேருக்கு, அவரவர் சிறுநீர்ப்பையிலிருந்து தபால்தலை அளவு துண்டு எடுத்து, உள்படலச் செல்லையும் தசைச் செல்லையும் தனித்தனியாக வளர்த்து, சட்டகத்தில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ஏற்றி, பையோடு தைத்திருந்தார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. எங்கள் வீட்டில் குலசாமிக்குப் பொங்கலே வைத்தோம். டாக்டர் சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டிப் பையோடு சேர்க்கும் அறுவை பற்றிப் பேசியபோதெல்லாம், கொஞ்சம் பொறுக்கலாமே டாக்டர் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிறகு அதே முறையை டென்ஜியன் என்ற நிறுவனம் எடுத்து, பல மருத்துவமனைகளில் ஸ்பைனா பிஃபிடா குழந்தைகளுக்குச் செய்து பார்த்தது. 2014இல் முடிவு வந்தது. பத்துப் பேர். பையின் கொள்ளளவும் கூடவில்லை, விறைப்பும் குறையவில்லை, குடல் அடைப்பு, பை கிழிதல் என்று கடுமையான பாதிப்புகள், ஏற்கக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது என்று அவர்களே எழுதினார்கள். அந்த வருடக் கடைசியில் கம்பெனியே திவால். 2006க்குக் கிடைத்த தலைப்புச் செய்தியில் நூறில் ஒரு பங்குகூட 2014க்குக் கிடைக்கவில்லை, எங்களுக்கு அது யூராலஜிஸ்ட் வாயால்தான் தெரிந்தது.

குடல் துண்டு வைத்தே செய்தோம். குடல் குடல்தானே, பையில் இருந்தாலும் சளி சுரந்துகொண்டே இருக்கிறது. குழாயில் வெள்ளையாகத் திரிதிரியாக வந்து அடைக்கும், உப்புநீர் விட்டுக் கழுவவேண்டும், கல் சேரும், பி12 வைட்டமின் அளவு பார்க்கவேண்டும். எல்லாம் இருக்கிறது. ஆனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறவில்லை, இரவில் நனையாமல் தூங்குகிறாள், கல்லூரி போகிறாள்.

காது விஷயத்தில் காத்திருந்தால் சிறுநீரகம் போகாது, அந்த வகையில் நீங்கள் எங்களைவிட நிம்மதியாக யோசிக்கலாம். ஆனால் தேதி சொல்லாத ஒன்றுக்காகக் காத்திராதீர்கள் தம்பி.

கொங்குக்காரன்

அக்கா, வணங்குகிறேன்.

சட்டகமும்_செல்லும்

அம்மா சொன்ன அந்தச் சோதனை முடிவை எங்கள் துறையில் புதிதாகச் சேரும் எல்லோரும் படிக்கவேண்டும் என்பேன். சொந்தச் செல்லைத்தான் வளர்த்து வைத்தார்கள், ஆனால் பையாக வேலை செய்யவில்லை. நரம்பில்லாத இடத்தில் எந்தத் தசை வைத்தாலும் அது சும்மா கிடக்கும்.

ஆனால் குழந்தைகளுக்கு ஏன் இதை விடாமல் முயல்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். குழந்தை வளரும், பிளாஸ்டிக் வளராது. இதயத்தில் ஒரே கீழறையோடு பிறக்கும் குழந்தைகளுக்குச் செயற்கைக் குழாய் வைத்தால் வளர வளர அது போதாமல் போகும், திரும்பவும் நெஞ்சைத் திறக்கவேண்டும். டோக்கியோவில் ஷினோகா குழு 1999இல் நான்கு வயதுப் பெண்ணுக்கு, அவளுடைய காலிலிருந்து எடுத்த ரத்த நாளத்தின் செல்லை வைத்து நுரையீரல் தமனிக்கு ஒரு குழாய் செய்து வைத்தது. அப்புறம் 25 பேர் வரை போனார்கள். குழாய் கிழிந்து யாரும் சாகவில்லை, ஆனால் சிலருக்குக் குழாய் குறுகியது, பலூன் விட்டு விரித்தார்கள். அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வு அந்தக் குறுகலால்தான் நின்றது. பிறகு ஆடுகளில் பார்த்தால் குறுகல் சில மாதத்தில் தானாகவே விரிகிறது என்று 2020இல் தெரிந்தது. அதாவது முதல் சில மாதங்களை மட்டும் பார்த்துத் தோல்வி என்றும் சொல்லமுடியாது, வெற்றி என்றும் சொல்லமுடியாது.

தையல்காரர்

பிளாஸ்டிக் சர்ஜன். அரசு மருத்துவமனையில் இருந்து ஓய்வு. இழையை இப்போதுதான் பார்த்தேன். மழைக்குருவி, உங்கள் சர்ஜன் சொன்ன வயது சரிதான், வேண்டுமென்றே தள்ளிப்போடவில்லை. இரண்டு கட்ட முறைக்கு 6, 7, 8ஆம் விலாக்களின் குருத்தெலும்பு போதிய அளவு வேண்டும். நகாட்டா என்ற ஜப்பானிய சர்ஜன் வகுத்த இரண்டு கட்ட முறையில் வயது பத்து, மார்புச் சுற்றளவு 60 செ.மீ. என்று ஒரு கணக்கு. ஆறு வயதிலேயே செய்பவர்களும் உண்டு, அது நான்கு கட்டம் வரை போகும் பழைய முறை. ரொம்பத் தள்ளிப்போட்டாலும் சிக்கல், வயது ஏறினால் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படியும், வளைத்தால் முறியும்.

உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். நெஞ்சைத் திறப்பது இல்லை. மார்புக்கூட்டின் கீழ் ஓரத்தில் ஒரு கீறல், நுரையீரல் உறைக்கு வெளியிலேயே வேலை. எக்ஸ்ரே ஃபிலிமை நல்ல காதின் மேல் வைத்து வரைந்து, வெட்டி, கிருமி நீக்கி வைத்திருப்போம். அதைப் பார்த்துப் பக்கத்து மேசையில் ஒருவர் செதுக்குவார். எட்டாம் விலாவின் நீளத் துண்டை மெல்லியதாகச் சீவி வளைத்தால் வெளி விளிம்பு. மெல்லிய கம்பியால் கட்டி, காது மடிப்பின் அடியில் நுழைத்து, வடிகுழாய் ஒன்றை வைத்து உறிஞ்சுவோம். உறிஞ்சும்போது தோல் உள்ளே படிந்து, ஒன்றுமில்லாத இடத்தில் பத்து வினாடியில் காதின் வளைவுகள் தெரியும். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் மயக்க டாக்டர் எழுந்து வந்து எட்டிப் பார்க்காமல் இருந்ததில்லை. மிச்சத் துண்டை மார்புத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்துவிடுவோம், இரண்டாம் கட்டத்தில் காதைத் தூக்கி நிறுத்த அது உதவும்.

வலி உண்டு, நெஞ்சில்தான் அதிகம், சில நாள் சிரிக்கவும் இருமவும் சிரமப்படுவான். தழும்பு இருக்கும். நல்ல கைகளிலும் எல்லாக் காதும் ஒரே தரத்தில் வராது, அதனால் இதையே தொடர்ந்து செய்பவரிடம் போங்கள், அவர் செய்த பத்துக் காதுகளின் படங்களைக் கேளுங்கள், மூன்று வருடம் கழித்து எடுத்த படமாக இருக்கட்டும்.

பாலிஎத்திலீன் சட்டகம் (மெட்போர்) என்று ஒன்று இருக்கிறது, விலா வேண்டாம், பள்ளி போகும் முன்பே செய்யலாம், மண்டைப் பக்கத்துச் சவ்வை இறக்கி மூடுவார்கள். அது வாழ்நாள் முழுக்க அந்நியப் பொருள். அடிபட்டு வெளியே தெரிந்துவிட்டால் சிரமம். அதை ஆதரிப்பவர்களும் நல்ல சர்ஜன்கள்தான், என் விருப்பம் விலா.

சட்டகமும்_செல்லும்

டாக்டர், ஆய்வகக் காது ஒருநாள் உங்கள் கத்தியை ஓய்வெடுக்க வைக்கும் என்று நம்புகிறேன்.

தையல்காரர்

வைக்கட்டும். சந்தோஷமாக வழிவிடுவேன். ஆனால் விலாக் காதை 30 வருடம் கழித்துப் பார்த்திருக்கிறோம், அதுவே அவனுடைய சொந்த உயிருள்ள திசு, அடிபட்டால் ஆறும். உங்கள் காது அதோடு போட்டி போடவேண்டும். ஒன்றுமில்லாமையோடு அல்ல.

ஒற்றைக்காதன்

எனக்கு 27 வயது, இடது பக்கம் மைக்ரோஷியா, 11 வயதில் விலா அறுவை. ஒன்றுதான் சொல்லவேண்டும், பையனிடம் கேளுங்கள். எனக்கு ஆறு வயதில் கவலையே இல்லை, நான்காம் வகுப்பில் முடிவெட்டும்போது சலூன்காரர் கண்ணாடி வழியே பார்த்துக் கேட்டது முதல்தான் ஆரம்பித்தது. நானே செய்துகொள்கிறேன் என்று சொன்ன பிறகு செய்ததால், வலியை நானே கேட்டு வாங்கினேன் என்ற மனநிலையில் இருந்தேன். என் காது அச்சு அசல் இல்லை, கொஞ்சம் தடிமன், குளிரில் சீக்கிரம் ஜில்லிடும். ஆனால் மூக்குக்கண்ணாடி நிற்கிறது, மாஸ்க் நிற்கிறது.

வகுப்பில் வலது காது சுவர்ப் பக்கம் வருகிற மாதிரி உட்கார வையுங்கள். காது வைப்பதும் கேட்பதும் வேறு வேறு, அதை முதலிலேயே வீட்டில் தெளிவாக்கிவிடுங்கள். என் பாட்டி அறுவை முடிந்த அன்று அந்தக் காதில் ரகசியம் சொல்லிப் பார்த்தார்.

மழைக்குருவி_அப்பா

படித்துவிட்டுச் சிரித்தோம், நன்றி தம்பி. கிளினிக் விஷயம் யாரும் சொல்லவில்லையே?

சட்டகமும்_செல்லும்

நான் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றம் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் அனுமதிக்கப்பட்ட வழக்கமான சிகிச்சை அல்ல, ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசு ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கும், நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கும், பங்கேற்பவரிடம் காசு வாங்கக்கூடாது, பாதிப்பு வந்தால் 2019 மருத்துவ ஆய்வு விதிகளின்படி இழப்பீடு உண்டு. அவர்களிடம் போன் போட்டு அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். பேக்கேஜ் விலை எழுதிக் கொடுத்தார்கள் என்பதே பதில்.

தொப்புள்கொடி ரத்தம் சேமித்தால் பிற்காலத்தில் காது செய்யலாம் என்றும் யாராவது வருவார்கள். காதுக்கு வேண்டிய செல் அவன் காதிலேயே இருக்கிறது.

நடத்துநர்

கிளினிக் பெயர், போன் எண் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விளம்பரமாக இருந்தாலும் புகாராக இருந்தாலும் பெயர் வேண்டாம்.

தையல்காரர்

இப்போதைக்குச் செய்யவேண்டியது: வயிற்று ஸ்கேன் ஒன்று எடுத்துச் சிறுநீரகம் இரண்டும் சரியா என்று பாருங்கள், காதும் சிறுநீரகமும் சேர்ந்து பாதிக்கும் நிலைகள் உண்டு. தாடை இரண்டு பக்கமும் ஒரே அளவா, முதுகெலும்பு நேரா என்று உங்கள் சர்ஜன் பார்த்திருப்பார், இல்லையென்றால் கேளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இடது காதுக்கு ஆடியோகிராம், சளி பிடித்தால் அந்தக் காதை உடனே காட்டுங்கள், அது ஒன்றுதான் அவனுக்கு. வலது பக்கம் எலும்பு வழியாகக் கேட்கவைக்கும் கருவியைப் பட்டையில் மாட்டிப் பார்க்கலாம், அறுவை வேண்டாம். பெரிய மருத்துவமனைகளில் இருக்கும் டி.இ.ஐ.சி. என்ற குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பத் தலையீட்டு மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். காதுத் துளை போடும் அறுவையை விலாக் காதுக்கு முன்னால் யாரையும் செய்யவிடாதீர்கள், தழும்பு வந்துவிட்டால் நமக்கு வேண்டிய தோல் கெட்டுவிடும். அந்தச் சின்ன மடிப்பையும் அசிங்கமாக இருக்கிறதென்று யாரும் வெட்டி எடுக்கவேண்டாம்.

மழைக்குருவி_அப்பா

குறித்துக்கொண்டேன் டாக்டர். ஒரே ஒரு சந்தேகம். சித்திரையில் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருக்கிறோம். வலது பக்கம் அந்த மடலில் குத்தலாமா? மாமா தோட்டைச் செய்து வைத்துவிட்டார், இரண்டு.

தையல்காரர்

இடது மட்டும். வலது பக்க மடலை நாங்கள் திருப்பி இடம் மாற்றித்தான் புதுக் காதின் கீழ்ப்பகுதியைச் செய்வோம், இப்போது குத்திய துளை அப்போது எங்கே போய் நிற்கும் என்று சொல்லமுடியாது, சீழ் பிடித்தால் இன்னும் மோசம். இரண்டு கட்டமும் முடிந்து ஒரு வருடம் ஆனபின் சொந்த மடலில் மட்டும் குத்தலாம், குருத்தெலும்பு இருக்கும் மேல்பகுதியில் எப்போதும் கூடாது. இரண்டாவது தோட்டை மாமாவிடமே கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். மொட்டை அடிப்பவரிடம் அந்தப் பக்கம் கத்தியை மெதுவாக விடச் சொல்ல மறக்காதீர்கள்.